புகையிரத உத்தியோகத்தர் கோர்பெட்டை நாம் ஏன் மறந்தோம்?

ஜிம் கோர்பெட் பிறந்து 2025 ஜூலை 25ஆம் திகதியுடன் 150 ஆண்டுகள் நிறைவடைந்தன. அவர் மறைந்து 70 ஆண்டுகள் பூர்த்தியானதும் அதே வருடம் ஏப்ரல் மாதத்திலேயே. அவரைப் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் முதலில் வரும் சொல் 'வேட்டைக்காரர்' என்பதாகும். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டு வீழ்த்திய வெள்ளைக்காரர் என்ற சித்திரத்தைத் தாண்டிச் செல்பவர்கள் மிகச் சிலரே. அவ்வாறு செல்பவர்களும் அவரைப் புலிகளின் பாதுகாவலர் என்று கூறி நிறுத்திக்கொள்கிறார்கள். வாழ்க்கையின் மிக உழைப்பான இருபது வருடங்களுக்கும் அதிகமான காலத்தை அவர் கங்கைக் கரையில் புகையிரதப் பொதிகளையும் நிலக்கரியையும் ஏற்றி இறக்கும் பணியில் கழித்தார் என்பது ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்ட செய்தியாகும்.

பல தசாப்தங்களாகப் பத்திரிகைத்துறையில் இருப்பவன் என்ற வகையில் இந்த மறதிக்கான காரணத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஒரு மனிதர் இறந்தால் அவரை ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடுவது செய்தி அறைகளின் வழக்கம். தலைப்புக்குள் ஒரு சொல்லுக்கே இடமிருக்கும். அந்தச் சொல் கவர்ச்சியானதாகவும் இருக்கவேண்டும். துப்பாக்கிக்குக் கவர்ச்சி உண்டு. சம்பளப் பதிவேட்டுக்கு அது கிடையாது. ஆனால் கோர்பெட்டின் பெருமை அவரது சம்பளப் பதிவேட்டில்தான் கூடுதலாக இருக்கிறது என்பது எனது அபிப்பிராயம். அதேவேளை, அவரை எங்கே கேள்விக்கு உட்படுத்தவேண்டும் என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

கோர்பெட் 1875ஆம் ஆண்டில் நைனிதாலில் பிறந்தார். அவரது தந்தையார் அந்த மலைநகரின் தபால் அதிபர். பெரிய குடும்பம். கோர்பெட் சிறுவனாக இருந்தபோதே தந்தையார் காலமாகிவிட்டார். அயர்லாந்துப் பூர்வீகத்தைக் கொண்ட அந்தக் குடும்பம் வெள்ளையர் சமூகத்துக்குள் உயர்ந்த படிநிலையில் இருக்கவில்லை. இங்கிலாந்தில் இருந்து நேரடியாக வந்து அதிகாரப் பதவிகளில் அமர்ந்தவர்கள், இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளையர்களைத் தங்களுக்குச் சமமானவர்களாக மதித்ததில்லை. இங்கிலாந்துக்குச் சென்று உயர்கல்வி கற்கும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இருக்கவில்லை. குடும்பச் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்காக இருபது வயதை அடையும் முன்னரே அவர் வங்காள - வடமேற்குப் புகையிரதக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்கு முதலில் கிடைத்த வேலை புகையிரத இயந்திரங்களுக்கான விறகைக் காட்டில் வெட்டுவித்து அனுப்புவதாகும். காடுகளை நேசித்த மனிதரின் முதல் உத்தியோகமே மரங்களை வீழ்த்துவதாக இருந்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. விறகுக்குப் பதிலாக நிலக்கரி பயன்பாட்டுக்கு வந்தபோது அந்த வேலை முடிவுக்கு வந்தது. தனது பொறுப்பில் இருந்த கணக்குகளை ஒப்படைத்தபோது கையில் மிஞ்சியிருந்த பணத்தையும் சேர்த்தே ஒப்படைத்தார். அந்த நேர்மை மேலதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தது. சமஸ்திப்பூரில் சில காலம் வெவ்வேறு வேலைகளைச் செய்த பின்னர், 21 வயதில், பீஹாரில் மொகாமே காட் என்ற துறையில் பொதிகளை மாற்றி ஏற்றும் பணியைப் பொறுப்பேற்குமாறு கேட்கப்பட்டார்.

மொகாமே காட்டின் முக்கியத்துவத்தைச் சற்று விளக்கவேண்டும். அந்த இடத்தில் அன்று கங்கைக்கு மேலாகப் பாலம் இருக்கவில்லை. தென்கரையில் அகன்ற பாதைப் புகையிரதம். வடகரையில் மீற்றர் பாதைப் புகையிரதம். ஒரு பாதையின் வண்டி மற்றைய பாதையில் ஓடமுடியாது. எனவே வந்து சேரும் சரக்குகள் அனைத்தும் மனித உழைப்பினால் இறக்கப்பட்டு, மாற்றி ஏற்றப்பட்டு, ஆற்றைக் கடந்து செல்லவேண்டும். தானியம், உப்பு, சீனி, துணி, நிலக்கரி என்று இலட்சக்கணக்கான தொன் பொருட்கள் கூலித் தொழிலாளர்களின் தலைகளிலும் தோள்களிலும் கூடைகளிலும் நகர்ந்தன. ஆண்கள் நிலக்கரியை மண்வாரியால் அள்ளி நிரப்ப, பெண்கள் கூடைகளில் சுமந்தனர். கோடை காலத்துப் பீஹாரின் வெயிலில் அந்த வேலை எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கோர்பெட் அங்கு சென்றபோது சரக்குகள் மலைபோலத் தேங்கிக் கிடந்தன. அவருக்கு அனுபவம் கிடையாது. கையில் பணமும் கிடையாது. அந்த நாட்களைப் பற்றி அவர் 'எனது இந்தியா' என்ற நூலில் விபரித்திருக்கிறார். 1952ஆம் ஆண்டில் வெளியான அந்த நூல் புலிகளைப் பற்றியதல்ல. தான் அறிந்த ஏழை மனிதர்களைப் பற்றியது. கம்பனியிடம் இருந்து வரவேண்டிய பணம் தாமதமானதால் தொழிலாளர்களுக்கு ஊதியம் கொடுக்க முடியாத நிலை ஏற்பட்டது. அவர்கள் நாளொன்றுக்கு ஒரு வேளை உணவுடன் வேலை செய்தார்கள். தலைவர்கள் ஒரு நாள் இரவு வந்து இனியும் தாக்குப்பிடிக்க முடியாது என்று கூறியபோது, தானும் ஒரு வேளை மாத்திரமே உண்டு வருவதை கோர்பெட் அவர்களுக்கு வெளிப்படுத்தினார். அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். தேக்கம் நீங்கியது, பணமும் வந்தது. அதற்குப் பின்னரான வருடங்களில் ஒப்பந்தத்தில் கிடைத்த இலாபத்தின் பெரும்பங்கைத் தொழிலாளர்களுடன் பகிர்ந்துகொண்டதாக அவர் கூறுகிறார்.

அந்தத் துறையில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர் நிலைய அதிபர் ராம் சரண். இருவரும் சேர்ந்து தொழிலாளர்களினதும் சிற்றூழியர்களினதும் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை ஆரம்பித்தார்கள். உடனடியாகவே சாதிப் பிரச்சினை முளைத்தது. உயர்சாதிப் பிள்ளைகள் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுடன் ஒரே வீட்டுக்குள் அமர்ந்து படிக்க முடியாது என்றார்கள். ராம் சரண் கட்டிடத்தின் சுவர்களை அகற்றிவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது வீடல்ல, வெறும் கொட்டகை. கொட்டகையின் கீழ் எவரும் எவருடனும் அமரலாம். சாதியைக் கண்டித்து ஆயிரம் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டிருக்கும் இந்தத் துணைக்கண்டத்தில், சுவரைத் தூக்கி எறிந்து பிரச்சினையைத் தீர்த்த அந்த நிலைய அதிபரின் சமயோசிதம் எனது மனதைவிட்டு அகலாத ஒன்று. ஆனால், சாதி ஒழிந்துவிடவில்லை; சுவர் மாத்திரமே போனது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

'எனது இந்தியா' நூலில் வரும் மனிதர்களில் சமாரியை மறக்க முடியாது. மிகவும் தாழ்த்தப்பட்டதாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்த அவர், மனைவியுடன் வேலை தேடி வந்து நிலக்கரி சுமக்கும் பிரிவில் சேர்ந்தார். காலப்போக்கில் அந்தப் பிரிவுக்கே தலைவராக்கப்பட்டார். அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களில் அவரைவிட உயர்ந்த சாதியினரும் இருந்தார்கள். தனது உழைப்பில் வந்ததைப் பசித்து வந்தவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் செலவிட்ட சமாரி, கொலரா நோய் கண்டு இறந்தார். அவரது இறுதி ஊர்வலத்தில் சாதி வேறுபாடின்றி மக்கள் திரண்டார்கள் என்று கோர்பெட் எழுதியிருக்கிறார். எந்தப் பத்திரிகையும் சமாரியின் மரணத்தைச் செய்தியாக வெளியிட்டிருக்க வாய்ப்பில்லை. அவருக்குக் கிடைத்த ஒரேயொரு இரங்கலுரை, பல தசாப்தங்கள் கடந்த பின்னரும் அவரை மறக்காதிருந்த முன்னாள் மேற்பார்வையாளரின் சில பக்கங்கள் மாத்திரமே.

அதே நூலில் புத்து என்ற கடன் அடிமையும் வருகிறார். தலைமுறைகளாகத் தொடர்ந்த கடனுக்காக ஒரு வட்டிக்காரரிடம் கட்டுண்டு கிடந்த அவரை ஒரு சட்டத்தரணியின் உதவியுடன் கோர்பெட் மீட்டெடுத்தார். இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் புதுமை எதுவும் தெரியாது. மலையகத்தின் தோட்டங்களுக்கு வந்த எமது மக்கள் கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனும், அந்தக் கடன் தீரும்வரை வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாதவாறு அவர்களைக் கட்டிப்போட்ட 'துண்டு' முறையும் இதே பேரரசின் இதே பொருளாதாரத்தின் மறுபக்கமாகும். பீஹாரின் நிலக்கரிக் கூடையையும் கண்டியின் தேயிலைக் கூடையையும் சுமந்தவர்கள் ஒரே விதமான கணக்கேட்டில் பதியப்பட்டவர்கள்.

இனி வேட்டைக்கு வருவோம். கோர்பெட் புகழ்பெற்ற வேட்டைகள் சிலவற்றைப் புகையிரத வேலையில் இருந்த காலத்தில்தான் செய்தார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 436 மனித உயிர்களைப் பலியெடுத்ததாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907ஆம் ஆண்டிலும் 400 பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட பானார் சிறுத்தையை 1910ஆம் ஆண்டிலும் அவர் சுட்டார். சம்பாவத் புலியைத் தேடிச் செல்வதற்கு அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு. அரசாங்கம் அறிவித்த சன்மானத்தை வாபஸ் பெறவேண்டும். ஏனைய வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்கவேண்டும். பணத்துக்காகக் கொல்பவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. 125 பேரைப் பலியெடுத்த ருத்திரப்பிரயாக் சிறுத்தையை 1926 மே மாதத்தில் சுட்டபோது அவர் புகையிரத சேவையில் இருந்து விலகியிருந்தார். அவருக்கு அப்போது 50 வயது.

அந்த மிருகங்கள் ஏன் மனிதர்களைத் தின்னத் தொடங்கின என்று அவர் ஒவ்வொரு தடவையும் ஆராய்ந்தார். சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் முன்னொரு வேட்டைக்காரரின் துப்பாக்கிக் குண்டினால் உடைந்திருந்தன. வழமையான இரையைக் கொல்ல அதனால் முடியவில்லை. முள்ளம்பன்றியின் முட்கள் தைத்து ஊனமடைந்த புலிகளும் மனிதர்களை நாடின. சிறுத்தைகளின் விவகாரம் இன்னும் வேதனையானது. கொள்ளைநோய்க் காலங்களில் மலைக்கிராமத்து மக்களுக்குப் பிணங்களை முறையாக எரிப்பதற்கு அவகாசமோ வசதியோ இருக்கவில்லை. இறந்தவரின் வாயில் ஒரு கங்கை வைத்துவிட்டு உடலைப் பள்ளத்தாக்கில் தள்ளிவிடுவார்கள். அந்த உடல்களைத் தின்று பழகிய சிறுத்தைகள், நோய் தணிந்து உடல்கள் கிடைக்காமல் போனதும் உயிருள்ள மனிதர்களைத் தேடி வந்தன. ருத்திரப்பிரயாக் சிறுத்தையின் வரலாற்றை 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயுடன் கோர்பெட் தொடர்புபடுத்தினார். ஆட்கொல்லி மிருகத்தின் பிறப்பில் வறுமைக்கும் அரசாங்கத்தின் அசிரத்தைக்கும் இருந்த பங்கை இதைவிடத் தெளிவாகக் கூறமுடியாது.

காட்டில் புல்லின் சாய்வையும் குரங்கின் எச்சரிக்கைக் குரலையும் கவனிக்கத் தெரிந்த அந்தக் கண்ணும் காதும் மொகாமே காட்டில் பசியால் தளர்ந்த தொழிலாளியின் நடையையும் கவனித்தன. இரண்டும் ஒரே பழக்கத்தில் இருந்து வந்தவை. குமாவோன் மலைக்கிராமத்து மக்கள் 'கார்பெட் சாஹிப்' என்று அவரை அன்புடன் அழைத்ததற்குப் புலியைக் கொன்றது மாத்திரம் காரணமாக இருந்திருக்க முடியாது. அவர் அவர்களின் மொழியைப் பேசினார். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டார். முதலாவது உலக மகாயுத்தத்தின்போது 1917ஆம் ஆண்டில் 500 குமாவோன் தொழிலாளர்களைக் கொண்ட படையணி ஒன்றைத் திரட்டிக்கொண்டு அவர் பிரான்ஸுக்குச் சென்றார். அழைத்தவரை நம்பித்தான் அந்த மலைவாசிகள் கடல் கடந்தார்கள்.

பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிடக் கமராவையே கூடுதலாக நாடினார். பொழுதுபோக்குக்காகப் புலிகளைக் கொல்வதற்கு எதிராக எழுதினார், பேசினார். 1936ஆம் ஆண்டில் ஹெய்லி தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதில் அவருக்கு முக்கிய பங்கு இருந்தது. இந்தியாவின் முதலாவது தேசியப் பூங்கா அதுவே. அவரது மறைவுக்குப் பின்னர் அது அவரது பெயரைப் பெற்றது. 1973 ஏப்ரல் 1ஆம் திகதி இந்தியாவின் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்துதான் ஆரம்பித்து வைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் கணிப்பீட்டின்படி இந்தியாவில் 3,682 புலிகள் இருந்தன.

இந்த இடத்தில் ஒரு பத்திரிகையாளன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாக வேண்டும். மொகாமே காட் பற்றி நாம் அறிந்தவை அனைத்தும் யாருடைய வாய்மொழி? கோர்பெட்டினுடையது. ஒரு வேளை உணவுடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எங்கும் இல்லை. சமாரி ஒரு நூல் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவரின் நினைவே வரலாறாகிவிட்டது. கோர்பெட் பொய் சொன்னார் என்று நான் கூறவரவில்லை. அவரது எழுத்தில் தற்பெருமையைக் காண்பது அரிது. ஆனால் கூலித் தொழிலாளர்களை வாரக்கணக்கில் ஊதியமின்றி வைத்திருந்த ஒரு கம்பனியின் செயலை, அந்த நூல் தொழிலாளர்களின் விசுவாசத்தைப் பற்றிய கதையாக மாற்றிவிடுகிறது. அந்த அத்தியாயத்துக்கு அவர் இட்ட தலைப்பே விசுவாசம் என்பதுதான். தொழிலாளர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதற்கு வேறு தலைப்பு பொருத்தமாக இருந்திருக்கும்.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. ஏழைகளை நேசித்த அந்த மனிதர், அந்த ஏழைகளின் நாடு சுதந்திரம் அடைந்த சில மாதங்களில், 1947 நவம்பரில், சகோதரி மகியுடன் கென்யாவுக்குப் புறப்பட்டுச் சென்றார். சுதந்திர இந்தியாவில் தங்களுக்கு இடம் இருக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. சென்ற இடமும் வெள்ளைக் குடியேற்றவாசிகளின் ஆதிக்கத்தில் இருந்த நாடு. நிலத்தைப் பறிகொடுத்த கென்ய மக்களின் மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்குவதற்காக 1952 ஒக்டோபரில் அங்கு அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கோர்பெட் வாழ்ந்த நியேரி அந்தக் கிளர்ச்சி மூண்ட பகுதிகளுள் ஒன்று. கங்கைக் கரையின் ஏழையை நெருங்கி அறிந்தவர், தனது வாசலில் இருந்த கிகூயு விவசாயியை அவ்வாறு அறிந்துகொண்டதாகத் தெரியவில்லை. 1955 ஏப்ரல் 19ஆம் திகதி நியேரியில் அவர் காலமானார். அங்குள்ள தேவாலயத்தின் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரைக் கொண்டாடுபவர்கள் இவற்றை மறைப்பதும், ஏகாதிபத்தியத்தின் பிரதிநிதி என்று கூறி அவரை ஒரேயடியாக நிராகரிப்பவர்கள் மொகாமே காட்டை மறைப்பதும் ஒரே வகையான நேர்மையீனமே. என்னுடைய முடிவு இதுதான். கோர்பெட் நல்ல மனிதர். அவர் வேலை செய்த ஏற்பாடு நல்லதல்ல. கெட்ட ஏற்பாட்டுக்குள் ஒரு நல்ல மனிதர் வந்து அமர்ந்தால் அங்குள்ளவர்களின் வாழ்வு சற்று இலகுவாகும். அவர் போனதும் அது பழையபடி ஆகிவிடும். எனவே நல்ல மேற்பார்வையாளர் கிடைப்பாரா என்பதைப் பொறுத்துத் தொழிலாளியின் சோறு அமையக்கூடாது. அதற்குச் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும், உரிய திகதியில் ஊதியம் வேண்டும். அதேவேளை, சட்டமும் சங்கமும் இருந்தும் மனிதர்களைக் கவனிக்கத் தெரியாத உத்தியோகத்தர்களின் கையில் அவை என்ன ஆகின்றன என்பதை எமது நாட்டில் நாம் போதுமானளவுக்குக் கண்டிருக்கிறோம்.

இலங்கையில் இந்தச் சிந்தனைக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. மனித - யானை மோதலில் அண்மைய வருடங்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும் நூற்றுக்கும் அதிகமான மனிதர்களும் உயிரிழந்திருக்கின்றனர். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் புகையிரதம் மோதி ஒரே வேளையில் பல யானைகள் மாண்டதை நாடே பார்த்தது. ஒவ்வொரு அனர்த்தத்துக்குப் பின்னரும் யானையின் பக்கம் நிற்பவர்களும் விவசாயியின் பக்கம் நிற்பவர்களும் வாதாடுகிறார்கள். யானை ஏன் அந்த வேளையில் அந்தத் தண்டவாளத்துக்கு வந்தது, விவசாயி ஏன் வேலியற்ற நிலத்தில் இரவு முழுவதும் பரணில் விழித்திருக்கிறார் என்ற கேள்விகளைச் சேர்த்துக் கேட்பவர்கள் குறைவு. புலியின் உடைந்த பல்லையும் கிராமத்தவரின் விறகில்லாத வறுமையையும் ஒரே விசாரணைக்குள் கொண்டுவந்த கோர்பெட்டின் அணுகுமுறை எமது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் புகையிரதத் திணைக்களத்துக்கும் இன்றும் பாடமாக அமையக்கூடியதே.

கோர்பெட் 1915ஆம் ஆண்டில் வாங்கிய சோட்டி ஹல்த்வானி என்ற கிராமம் இன்றும் இருக்கிறது. மிருகங்களிடம் இருந்து பயிர்களைக் காப்பதற்காக அவர் கட்டுவித்த மதிலையும் அங்கு காணலாம். காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு நூதனசாலையாக்கப்பட்டிருக்கிறது. தேசியப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகையான சுற்றுலாப் பயணிகள் செல்கிறார்கள். மொகாமேயில் 1959ஆம் ஆண்டில் கங்கைக்கு மேலாகப் பாலம் திறக்கப்பட்டதும் அந்தத் துறைக்கு இருந்த பழைய முக்கியத்துவம் மறைந்தது. கூடைகளில் நிலக்கரி சுமந்த பெண்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

புலிக்கதைகளுக்காக கோர்பெட்டை வாசித்தவர்கள் ஒரு தடவை 'எனது இந்தியா'வையும் வாசிக்கவேண்டும். வாசிக்கும்போது, எழுதியவரின் அன்பை ஏற்றுக்கொள்ளலாம். அவர் கேட்காமல் விட்ட கேள்விகளை நாம் கேட்கலாம். சமாரியும் ராம் சரணும் புத்துவும் இடம்பெறாத எந்த நினைவுகூரலும் கோர்பெட்டுக்குச் செய்யும் மரியாதையாக அமையாது. அவரே அவர்களை மறக்கவில்லை.